தூசி நீக்கல், முந்நூறு ரூபாய்

கஸ்தூரியார் வீதியில மாடிக்கடை.
கீழ நகைக்கடை, மேல நாங்கள்.
இருபத்திரண்டு வருசமாய் என்ர வேலை
முகங்களில பருவை எடுக்கிறது,
சாமத்தியவீட்டுப் படத்தில குறுக்க போன
ஐஸ்கிறீம்காரனை எடுக்கிறது,
பழம்படத்தில பூஞ்சணம், கீறல், தூசி.
பில்லில அதுக்குத் தனி வரி:
தூசி நீக்கல், முந்நூறு ரூபாய்.

ஜெசிந்தா வெள்ளிக்கிழமை வந்தா.
பெரியாஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிற பிள்ளை,
முப்பது வயசு இராது.
மெமரி காட்டில ஒரேயொரு படம்:
சாட்டிக் கடற்கரை, ஆனி அமாவாசை,
முக்காலியில கமரா.
கடலில இருந்து எழும்பித் தலைக்கு மேலாலை
அரிச்ச மா சிந்தினமாதிரிப் பால்வீதி.
"சுவரில மாட்ட. செவ்வாய்க்கிழமை வேணும், அண்ணை."

பெருப்பிச்சுப் பாத்தன்.
நடுவால கறுப்புக் கறுப்பாய் அழுக்கு,
மாரிக்கு ஊறின மதில்போல.
லென்சில விரல் பட்டிருக்கும் எண்டு நினைச்சன்.
கீழ்ப்பக்கம் ஒரு சிவப்புப் பொட்டு,
நுளம்பு கடிச்ச தடிப்பு.

பக்கத்து வெள்ளியளைப் பிரதி எடுத்து
கறுப்புக்கு மேல ஒட்டினன்.
ஒட்ட ஒட்ட, கரண்ட் ஒருக்காப் போய் வந்து,
இரவு பதினொண்டுக்கு
வானம் துப்புரவாய் இருந்தது.
உண்மையைச் சொன்னால் எனக்குப் பெருமை.
ஒரு மனிசன் ஒரு இரவில
இவ்வளவு வெள்ளி செய்ததை
நான் கேள்விப்படேல்லை.

செவ்வாய்க்கிழமை சுருளை விரிச்சா.
கனநேரம் கதையில்லை.
"அண்ணை, இதில இருந்த இருட்டு எங்க?"
"அழுக்குப் பிள்ளை. எடுத்திட்டன்."
கதிரையைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சா,
கண்ணில தண்ணி வாற அளவுக்கு.

எக்ஸ்ரேயில மறிக்கிறது வெள்ளையாய் விழும், எலும்பைப் போல.
இதில மறிக்கிறது கறுப்பாய் விழுந்திருக்கு.
ஓட்டையில்லை அது, எண்டா. கரித்தூளும் மண்தூளும்,
தூளுக்கு மேல பனித்தோல், அதோட வாயு.
வெள்ளிக்கும் வெள்ளிக்கும் நடுவில கிடக்கிறது.

எவ்வளவு கிடக்கும், எண்டன்,
சீமெந்துக்கு விலை கேக்கிறமாதிரி.

"சீனிக்கட்டி அளவு இடத்தில ஒரு அணு.
சில இடத்தில அதுவும் இல்லை."

பிறகென்னண்டு மறைக்கும்?

"தை மாசம் விடிய பண்ணைப் பாலத்தில நிண்டிருக்கிறீங்களோ?
கையை நீட்டினால் கையில புகார் தெரியாது.
மண்டைதீவு இராது."

நான் பேசாமல் இருந்தன்.
"சிவப்புப் பொட்டு?"
"அதையும்."
"அது வாயு எரியிற நிறம். புது வெள்ளி பிறக்கிற இடம்.
வானம் பாக்கிறாக்கள் அதுக்கு வைச்ச பேர்
கடல்நீரேரி."

எங்கட வீடு கொழும்புத்துறை.
கடல்நீரேரியைப் பாத்துத்தான் பல்லுத் தீட்டுறனான்.
அதை முழுசாய்த் துடைச்சுப்போட்டு
நிம்மதியாய்ப் படுத்திருக்கிறன்.

முதற்படத்தை அப்பிடியே அடிச்சுக் குடுத்தன்.
பில்லில அந்த வரியை வெட்டினன்.
பிழையான படத்தையும் தாங்கோ எண்டா,
காசு தந்து கொண்டுபோனா.
ஏனெண்டு கேக்க வாய் வரேல்லை.

புதன்கிழமை ஒரு கலியாணப் படம்.
அண்ணனும் தம்பியும், நடுவில ஒரு முழம் இடைவெளி.
தமக்கைக்காரி கொண்டுவந்தவ.
எட்டு வருசமாய்க் கதைபேச்சில்லையாம்.
"ரெண்டுபேரையும் கிட்டக் கொண்டுவந்து விடுங்கோ,
பின்னால சும்மா இடம்தானே."

சுகமான வேலை. பத்து நிமிசம் காணும்.
அந்த முழத்தை மட்டும் பெருப்பிச்சன்.
சாம்பிராணிப் புகையோ என்னவோ,
மெல்லிய சாம்பல் நிறம்.
ஆற்றையோ முழங்கை.
பிளாஷ் பட்டு மினுங்கின நாலைஞ்சு பொட்டு.

இன்னும் பெருப்பிச்சன்.
அழிக்கிற தூரிகை கையில இருக்கு,
காசும் வாங்கியாச்சு.

கரண்ட் போச்சு.